கிளாக்கர் வீட்டு வாசலில் கவ்வாத்து

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான் பெரிய கிளாக்கராகப் போனபோது எனக்கு ஒரு வீடும் அதன் முன்னால் அகலமான ஒரு வாசலும் கிடைத்தன. வீட்டுக்கு ஓடு போட்டிருந்தது. வாசலைப் போட்டது போட்டபடி விட்டிருந்தார்கள்.

எனக்கு முன் அங்கே இருந்த கிளாக்கர் பூச்செடிப் பிரியர். செம்பருத்தி, அரளி, ரோஜா, குரோட்டன் என்று அறுபது எழுபது செடிகள் வைத்திருந்தார். தேயிலைக்குள்ளேயே தலை நரைத்தவர் ஆகையால் கயிறு பிடித்து, குச்சி அடித்து, நாலடிக்கு ஒன்றாக வரிசை பிசகாமல் நட்டிருந்தார். செடியை வேறு விதமாகவும் நடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். அவர் ஊருக்குப் போனதும் செடிகள் கேட்பாரற்றுப் போயின. நான் வந்த பிறகும் அந்த நிலைமையில் மாற்றம் இல்லை. நாலு வருடம், நாளுக்கு நாலு தடவை, குடையை விரித்துக்கொண்டு எதிரே இருந்த ஆபீஸை மட்டும் பார்த்தபடி அந்த வாசலைக் கடந்து போனேன். நாயுண்ணிப் புதர் ஆள் உயரம் வளர்ந்து நின்றது. அதற்குள் ஒரு வெள்ளாடு குடியிருந்தது. அது யாருடைய ஆடு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலைநாடு என்றால் எப்போதும் மழை என்று கீழ்நாட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஊவாவில் ஆடி பிறந்தால் போதும், மலையைத் தாண்டி ஒரு வறண்ட காற்று இறங்கும். கதவு நிலை விரியும், உதடு வெடிக்கும், மைக்கூட்டில் மை கட்டியாகும். ஆனால் அந்தக் காற்றில்தான் தேயிலைக்கு மணம் ஏறும் என்பதால் நாங்கள் காயக் காயத் துரைமார்களுக்கு முகம் மலரும்.

அப்படி முகம் மலர்ந்திருந்த ஒரு ஆடி மாதத்துக் காலையில்தான் எங்கள் துரை என் வீட்டு முன்னால் குதிரையை நிறுத்தினார். புதிதாக வந்தவர், இளம் வயது. வெறுந்தரையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஆட்கள் குடியிருக்கும் லயத்து ஓரம், மருந்துச்சாலைப் பின்புறம், சுடுகாட்டு வேலி வரைக்கும் தேயிலைக் கன்று வைத்து முடித்திருந்தார். அவர் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். கோபம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"கிளாக்கர், உமது வீட்டு முன்னால் இருப்பது என்ன?"

"பூந்தோட்டம், சார்."

அந்த நேரம் பார்த்து வெள்ளாடு புதரிலிருந்து தலையை நீட்டி எங்கள் இருவரையும் பார்த்தது.

"அது?"

"அது எருவுக்காக, சார்."

துரை சிரிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து ஏஜண்டுத் துரை ஒருவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போவார். புரட்டாசியில் அவர் வரும்போது அது பூந்தோட்டமாக இருந்தால் எனக்கு. இல்லையென்றால் மறுநாளே வீட்டுப் படி வரைக்கும் தேயிலை. இப்படிச் சொல்லிவிட்டுத் துரை குதிரையைத் தட்டிவிட்டார்.

நான் உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"படி வரைக்குமா?"

"படி வரைக்கும்."

"பதினோரு வருஷம்ங்க. மூணு தோட்டம், மூணு வீடு. கதவத் தொறந்தா தேயிலை, ஜன்னலத் தொறந்தா தேயிலை. குடிக்கிறதும் அதையேதான். இங்க வந்துதான் காலை எறக்கி நிக்கக் கையகல எடம் கெடச்சுது. அதுலயும் தேயிலை வந்துச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். கோவத்துல சொல்லல. நெசமாவே போறேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. கோபத்துக்கு என்னிடம் மருந்து உண்டு, பதினோரு வருட அனுபவம். ஆனால் அவள் தலையை நிமிர்த்தாமல், கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த நாலு வருஷத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலியா? நாலு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க பேப்பரப் படிச்சுக்கிட்டு 'உம்' கொட்டுனீங்க. அந்த 'உம்'மையெல்லாம் அள்ளிச் சேத்தா ஒரு மூட்ட தேறும்."

என்னைப் போன்றவர்கள் எதையும் ஒரு புத்தகத்திலிருந்துதான் தொடங்குவோம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்களைப் பதுளையில் ஏலம் போட்டபோது, தலையணை மாதிரி கனமான ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தை வாங்கி வந்திருந்தேன். சீமையில் எழுதப்பட்டது. முதல் அத்தியாயம் உறைபனியிலிருந்து செடிகளைக் காப்பது எப்படி என்று சொன்னது. அதைத் தாண்டிப் போனேன். ஜூலை மாதத்தில் செடியின் அடியில் மழைநீர் தேங்கி வேர் அழுகாமல் இருக்க வடிகால் அவசியம் என்றது. எங்களுக்கும் ஜூலைதான். நாயுண்ணியை வெட்டி, ஆட்டை வெளியேற்றி, இரண்டு ஆட்களை வைத்து வடிகாலுக்கு நல்ல ஆழமாகக் கான் வெட்டினேன். அதன் பிறகு செடிகளுக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் புத்தகத்தில் சொன்னபடியே துளியும் தேங்காமல் வெளியேறியது. மூன்றாம் நாள் மனைவி மண்வெட்டியை எடுத்துக் கானை மூடினாள்.

இனித் தண்ணீருக்கு என்ன செய்வது? லயத்துக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு பீலி இருந்தது. மலை ஊற்றிலிருந்து மூங்கிலில் இறங்கி வரும் தண்ணீர். ஆடியில் அது நூல் மாதிரி ஆகிவிடும். அங்கே போய் வரிசையில் நிற்கப் பெரிய கிளாக்கரின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் கௌரவத்துக்குக் குறைவில்லாத ஒரு வழி எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்கள் ஊருக்குக் கடுதாசி எழுதிக்கொள்ள என்னிடம் வருவார்கள். சும்மாதான் எழுதிக் கொடுப்பேன். இனி ஒரு பக்கத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் என்று அறிவித்தேன்.

முதல் ஞாயிறு நன்றாகப் போயிற்று. நாத்தனாரோடு சண்டை என்று ஒருத்தி மூன்று பக்கம் சொன்னாள். செம்பருத்தி முழுவதும் நனைந்தது. உலகத்தில் நாத்தனார்கள் இருப்பதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. இரண்டாம் ஞாயிறு கடுதாசிகள் சுருங்கத் தொடங்கின. ஐந்து வருடமாக ஊர் போகாத ஒருவர், "சௌக்கியம். அங்கயும் அப்புடித்தான்னு நெனைக்கிறேன். போதும், மடிங்க" என்றார்.

மூன்றாம் ஞாயிறு கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வந்தாள். வாய்த் துடுக்குக்காரி என்று பெயர் வாங்கியவள். இரண்டு குடத்தையும் என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"யாருக்கு?"

"எங்க ஆத்தாவுக்குங்க. எழுதுங்க. இங்க எல்லாரும் சொகம். பீலியில தண்ணி வரல. விடியறதுக்கு முந்தியே போயி நின்னு ரெண்டு கொடம் புடிச்சேன்..."

"ம்."

"...புள்ளைக்குக் கஞ்சி வைக்கலாம்னுதான் புடிச்சேன். ஆனா அதக் கிளாக்கரய்யா வீட்டுப் பூச்செடிக்கு ஊத்திட்டுத்தான் ஒனக்கு இந்தக் கடுதாசி எழுதுறேன். அம்புட்டுத்தாங்க."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"எழுதுனீங்களாய்யா?"

எழுதியிருந்தேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. 'கிளாக்கரய்யா' என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் கூட எழுதியிருந்தேன்.

மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. வெளியே வந்தாள். குடத்தைத் தூக்கி அந்தப் பெண்ணின் இடுப்பில் வைத்தாள். இன்னொன்றையும் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டாள். "போயி ஒல வை" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே யாருகிட்டயும் தண்ணி கேக்காதீங்க. செடி செத்தா சாகட்டும்" என்றாள்.

செடி செத்தால் அவள் போய்விடுவாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவள் அந்த இடத்தில் நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டு அழுக்குத் தண்ணீர்தான். அரிசி கழுவியது, பாத்திரம் கழுவியது, எல்லாம் வாசலுக்குப் போயின. நான் குளிப்பதும் செடிகளுக்கு நடுவில் என்று ஆயிற்று. நாளுக்கு ஒரு செடி, வரிசைப்படி. திங்கட்கிழமை அரளியோடு, செவ்வாய்க்கிழமை ரோஜாவோடு. துண்டைக் கட்டிக்கொண்டு ரோஜாச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு செம்புத் தண்ணீரில் குளிக்கும் பெரிய கிளாக்கரைப் பார்த்தபடி, மேல் ரோட்டில் கொழுந்துக்காரிகள் வேலைக்குப் போவார்கள். "இன்னைக்கு எந்தச் செடிங்க ஐயா?" என்று ஒருத்தி விசாரிக்கக்கூடச் செய்தாள். ஏன், பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் விடியற்காலையில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆவணி கடைசியில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. ஏஜண்டுத் துரை வர மூன்று வாரம் இருந்தது. மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன். தண்ணீர் போதாத காலத்தில் நீண்ட கிளைகளைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் செடி பிழைக்கும் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. முதல் தடவையாக அந்தப் புத்தகம் உருப்படியாகப் பேசிய மாதிரி இருந்தது.

வெட்டுவதற்கு யாரைக் கூப்பிடுவது? தோட்டத்தில் கத்தி பிடிப்பதில் முதல் ஆள் எங்கள் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி உயர்ந்து போனால் அதை முழங்கால் மட்டத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அந்த வேலையில் அவர் கத்தி பட்ட செடி பட்டதாகச் சரித்திரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொல்லி, "வாசல் செடியையெல்லாம் கொஞ்சம் வெட்டிவிடப்பா" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் வேலையாக மாட்டு வண்டியில் பதுளைக்குப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கியபோது, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். வீட்டுப் படி ரோட்டிலிருந்தே தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அதாவது முழங்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை. செம்பருத்தி, அரளி, ரோஜா, குரோட்டன், சாதி வேறுபாடு இல்லாமல் எல்லாம் ஒரே மட்டத்தில் குச்சி குச்சியாக நின்றன. ஒரு இலை கிடையாது. வெட்டிய கிளைகளைக் கவ்வாத்துக்காரரின் மனைவி அடுப்புக்கு மிலாறாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டின் நடுவில் ஒரே ஒரு ரோஜா மொட்டு இருந்தது.

"என்னப்பா இது?"

"கவ்வாத்துங்க."

"ரோஜாவுக்குமா?"

"கத்திக்கு ரோஜாவ என்ன தெரியுங்க, அரளிய என்ன தெரியும்? மட்டத்தப் பாருங்க ஐயா. அப்புடிக் குனிஞ்சு பாருங்க. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கயித்தக் கட்டுங்க, மேல ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தா இந்தக் கத்திய நான் தொடல."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டால் எதிர் மூலைக்குப் போய்விடும்.

"கொஞ்சம் வெட்டுன்னுதான சொன்னேன்?"

"முழங்காலுக்கு வெட்டுனா கொஞ்சந்தாங்க. நெறைய வெட்டுன்னா கணுக்காலுக்கு வெட்டிருப்பேன்."

மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். "அடுப்படியில இருந்தேன்" என்றாள். "வெளிய வந்து பாக்குறேன், செம்பருத்தி முடிஞ்சிருச்சு. நிறுத்துப்பான்னேன். பாதி மலையில கத்தியக் கீழ வைக்கக் கூடாதும்மான்னுட்டாரு." மலை என்பது எங்கள் பேச்சில் ஒரே அளவாக வேலை செய்யும் ஒரு துண்டுத் தேயிலை நிலம். என் வாசலை அந்த மனிதர் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

அன்று விளக்கு வைத்ததும் மனைவி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கடுதாசி எழுதணும்."

"யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. ஐப்பசிக்குள்ள வந்து என்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

ஆயிரம் பேருக்குக் கடுதாசி எழுதிய கை. எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள். "இங்க 'சௌக்கியம்'னு நான் சொல்லலியே" என்றாள். அது வழக்கம் என்றேன். அடிக்கச் சொன்னாள். அடித்தேன். மறுநாள் காலை தபால் பையில் போடுவதற்காகக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் பை போயிற்று. அதற்கு மறுநாளும் போயிற்று. இருபது வருட உத்தியோகத்தில் நான் தாமதப்படுத்திய முதல் தபால் அதுதான்.

ஏஜண்டுத் துரை வந்த நாள் காலையில் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக வாசலில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் எழுபது மொட்டைக் குச்சிகள். எங்கள் துரை இந்த மூன்று வாரமும் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் என் வாசல் பக்கம் வரவேயில்லை. இரண்டு குதிரைகளும் மேல் ரோட்டில் வந்தன. ஏஜண்டுத் துரை வயதானவர். பசி நேரம் வேறு. குதிரையை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே பார்த்தார். நான் சலாம் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஓ, கிளாக்கர் வாசலையும் தேயிலையாக்கிவிட்டீரா? நல்லது. வரிசை நன்றாக இருக்கிறது. கவ்வாத்து மட்டம் அபாரம்." கொஞ்சம் யோசித்தார். "ஆனால் இந்த வறட்சியில் கவ்வாத்தா?"

எங்கள் துரை குச்சிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. உண்மையைச் சொல்லவும் கிடையாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தேன்.

"ஒரு சோதனைக்காக, சார்" என்றார் துரை.

"துணிச்சல்காரர்தான். இந்தத் துண்டை அப்படியே விட்டு வையும். கையை வைக்க வேண்டாம். அடுத்த வருடம் எப்படி இருக்கிறதென்று பார்க்கிறேன்."

குதிரைகள் போய்விட்டன. சாயங்காலம் ஆபீஸில் துரை தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்.

"கிளாக்கர், உமது வாசலில் இருப்பது என்ன?"

"தேயிலை, சார்."

"ஏற்கெனவே தேயிலை இருக்கும் இடத்தில் மறுபடியும் தேயிலை வைக்க முடியாது. இல்லையா?"

"முடியாது, சார்."

வீட்டுக்கு ஓடினேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், என் உடம்பைப் பார்த்தவர்கள். ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை நீட்டினாள்.

"அந்தக் கடுதாசியக் குடுங்க."

"எந்தக் கடுதாசி?"

"கோட்டுப் பையில இருக்கே, அது. தெனம் கோட்ட மாட்டுறப்பப் பாக்குறேனே."

கொடுத்தேன். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடித்துச் சேலை மடிப்புக்குள் பெட்டியில் வைத்தாள். "தேயிலைய நிறுத்திட்டீங்க. சரி. அந்தக் குச்சி துளிர்க்குமா துளிர்க்காதான்னு யாரு சொன்னா? மொட்டக் குச்சியப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்குத் தேயிலையே தேவல. மழ வரட்டும்."

ஐப்பசி பிறந்து எட்டு நாள் வரைக்கும் மழை வரவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பேன், உள்ளே பச்சை இருக்கிறதா என்று. நான் கீறிய குச்சிகளில் நாலு அதனாலேயே செத்தன. ஒன்பதாம் நாள் நமுனுகுல மலை மறைந்தது. அப்படியே மூன்று நாள் கொட்டிற்று. அடுத்த வாரம் அரளியில் கடுகு கடுகாக ஏதோ தெரிந்தது. பிறகு செம்பருத்தி. ரோஜா கடைசியில், நாம் கெஞ்சிய பிறகு வருகிற மாதிரி வந்தது. கவ்வாத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நான் சொல்லல?" என்றார். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, மேல் ரோட்டில் கொழுந்துக்காரிகள் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வாய்த் துடுக்குக்காரிதான் முன்னால் நின்று கத்தினாள்.

"அம்மா! ஒங்க மலையில கொழுந்து செவப்பா வந்திருக்கு!"

மனைவி படியில் நின்றிருந்தாள். "வந்துச்சுல்ல, எறங்கிப் பறிச்சுட்டுப் போங்கடி. ஆனா நிறுவைக்குக் கொண்டு போயிடாதீங்க!"

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். இருபது பேர் இருப்பார்கள். அன்று முழுவதும் பெரிய மலையில் இருபது தலைகளில் செம்பருத்தி இருந்தது. நிறுவை நேரத்தில் துரை ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார். நான் பென்சிலைக் கூர் சீவினேன். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"அடுத்த வருடம் ஏஜண்டுத் துரை வருவதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு ஞாபகப்படுத்தும்" என்றார். "கவ்வாத்துக்காரனை அனுப்புகிறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் ஒரு ரோஜாச் செடிக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் பத்தாதுங்க" என்றாள். "பதினஞ்சு நாளைக்கு முந்தியே எனக்குச் சொல்லச் சொல்லுங்க. அடுத்த வருஷம் இந்தக் கெளையெல்லாம் பதியம் போட்டுப் பின்னால வச்சுட்டுத்தான் அந்த மனுசன உள்ள விடுவேன்."

"உம்" என்றேன். இந்தத் தடவை பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.